புளியந்தீவுக் கத்தோலிக்கரின் கதையைச் சேர்த்தபோது

மட்டக்களப்பு நகரத்தின் பழைய நடுப்பகுதி ஒரு தீவு. சுற்றிவர வாவி, உள்ளே வரப் பாலங்கள். புளியந்தீவு என்ற இந்தச் சிறிய நிலத்துக்குள் மரியாள் பேராலயம், அந்தோனியார் கோயில், செபஸ்தியார் கோயில் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. புனித மிக்கேல் கல்லூரியும் புனித சிசிலியா பெண்கள் பாடசாலையும் அதே தெருக்களில்தான். செவ்வாய்க்கிழமையில் அந்தோனியார் கோயில் வாசலில் நின்று பார்த்தால், மெழுகுதிரி கொளுத்த வருகிறவர்களில் எத்தனையோ பேர் நெற்றியில் திருநீற்றோடு வருவார்கள்.

இங்குள்ள கத்தோலிக்கர் யார் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கடலையும் வாவியையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் இருக்கிறார்கள். பார்த்தலோட், பல்தசார், அன்ட்ராடோ, செல்லர், ராகல் என்ற குடும்பப் பெயர்களை மட்டக்களப்பார் எல்லோரும் அறிவார்கள். வாடைக்காற்று அடங்கிக் கிழக்குக் கடல் அமைதியானதும் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் தொழிலுக்கு வந்து, சிலர் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிய சிங்களக் குடும்பங்களும் உண்டு. இவர்களுக்குப் பூசை வைத்தவர்கள் முதலில் கோவாக்காரர், பிறகு பிரெஞ்சுக்காரர், அதன்பின் அமெரிக்கர், இன்று நம் ஊர்ப் பிள்ளைகள்.

எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சபையின், பெருவிழா மலருக்கு வரலாற்றுப் பகுதியைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வரலாற்றுத்துறையில் பட்டம் எதுவும் பெறாதவள். ஆனால் இந்தத் தெருக்களில் வளர்ந்தவள். அந்த வேலையில் கற்றுக்கொண்டதை எழுதி வைத்தால் வேறு பங்குகளில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பறங்கியர் வரலாறு ஒரு பக்கம், தமிழ்க் கத்தோலிக்கர் வரலாறு இன்னொரு பக்கம் என்று பிரித்துச் சேர்க்கப் போனால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும். இந்தச் சனங்கள் ஒரே புத்தகத்தில், அடுத்தடுத்த வரிகளில் எழுதப்பட்டவர்கள்.

புத்தகம் என்று நான் சொல்வது பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டை. வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பங்குத்தந்தையின் அனுமதியோடு, அவர் இருக்கும் நேரத்தில், பங்குமனை மேசையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கவே கூடாது. பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும் என்று பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு பதிவும் ஒரே வடிவம்தான். திகதி, பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கீழே குருவின் கையொப்பம். பத்துப் பதிவைப் பொறுமையாகப் பார்த்தால் பதினோராவது தானாக விளங்கும்.

பெயர்களுக்கு மட்டும் ஒரு சிறிய சாவி வேண்டும். யொஹான்னெஸ் என்று எழுதியிருந்தால் வீட்டில் அவர் அருளப்பு. பெத்ருஸ் இராயப்பு, பவுலுஸ் சின்னப்பு, யாக்கோபுஸ் சந்தியாகு, ஸ்தெபானுஸ் முடியப்பு. சவிரிமுத்துவைச் சவேரியுஸ் என்று தேட வேண்டும். பறங்கிக் குடும்பப் பெயர்களில் சிக்கல் வேறு விதம். ஒரே குடும்பத்தின் பெயரை ஒவ்வொரு குருவும் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அப்பனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், மகனுக்கு வேறொன்று. ஆகவே ஒரு கொப்பியில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ட எல்லா எழுத்துக்கூட்டலையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகக் கூடாது.

திகதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய இலத்தீன் பதிவுகளில் மாதத்தின் பெயரைச் சுருக்கி, 7 என்ற எண்ணோடு ப்ரிஸ் என்று சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. அதை யூலை என்று எடுத்துவிடக் கூடாது, அது செப்டெம்பர். இலத்தீனில் ஏழுக்குச் செப்தெம் என்று பெயர். அதுபோல 8 ஒக்டோபர், 9 நவம்பர், ரோம இலக்கப் பத்து டிசெம்பர். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஒரு பிள்ளை பிறக்க முதலே ஞானஸ்நானம் பெற்றதாகக் கணக்கு வரும்.

ஓரத்துக் குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். 1907இல் திருமணம் பற்றி ரோமாபுரியிலிருந்து வந்த சட்டத்தின்படி, ஒருவர் கலியாணம் முடித்தால் அந்தச் செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும். அந்த ஓர வரியைப் பிடித்துக்கொண்டு போனால் கலியாணம் எந்தப் பங்கில், யாரோடு என்று தெரியவரும். புளியந்தீவில் பிறந்த ஒருத்தி அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்ததும், அவள் தம்பி திருகோணமலையில் குடியேறியதும் இப்படித்தான் எனக்குக் கிடைத்தன. வீட்டில் கேட்டபோது ஒருவருக்கும் நினைவில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது ஞானப்பெற்றோர் இருக்கும் வரிதான். பறங்கித் தச்சர் ஒருவரின் மகளுக்கு ஞானத்தாய் பக்கத்து வளவுத் தமிழ்ப் பெண். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஒரு பறங்கிக் கொல்லர். ஞானப்பெற்றோராக நிற்பது வெறும் சடங்கில்லை. தாய் தகப்பன் இல்லாமல் போனால் பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பாளர் அவர்தான். நம்பிக்கை இல்லாதவரிடம் யாரும் பிள்ளையைக் கொடுப்பதில்லை. இரண்டு சமூகமும் எப்படிப் பழகின என்று எழுத மேடைப் பேச்சு எதுவும் தேவையில்லை, அந்த வரியை மட்டும் ஆண்டுவாரியாகப் பார்த்துக்கொண்டு போனால் போதும். பங்கு வரலாறு எழுதப் போகும் எவரும் இந்த வேலையை முதலில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பதிவேட்டில் கண்டதெல்லாம் மலருக்கு வரக் கூடாது. தகப்பன் பெயர் இல்லாத பதிவுகள் உண்டு. கலியாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைகள் உண்டு. அந்தக் குடும்பங்கள் இன்றும் நம் முன்வரிசையில் முழந்தாளிடுகின்றன. பெயர்களை அவர்களின் வாரிசுகளைக் கேட்காமல் வெளியிடுவதில்லை என்று குழுவாக முதலே முடிவெடுத்தோம். ஒருவர் மறுத்தால் காரணம் கேட்பதுமில்லை.

அடுத்தது வயதானவர்களைப் போய்ப் பார்ப்பது. இதில் நான் கற்ற முதல் பாடம், ஆண்டு கேட்கக் கூடாது என்பது. "எந்த வருசம்?" என்றால் முகம் சுருங்கிவிடும், மறதி வந்துவிட்டதோ என்று அவர்களுக்கே பயம் பிடிக்கும். மட்டக்களப்பாருக்கு வேறு நாட்காட்டி இருக்கிறது. 57 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா? சூறாவளிக்கு முந்தியா? 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை அந்த வயதில் உள்ள ஒருவரும் மறக்கவில்லை. அதன்பின் 83 கலவரம், பிறகு 90 போர், பிறகு 2004 சுனாமி. இந்த ஐந்தையும் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சொல்லுகிற ஒவ்வொன்றையும் இவற்றுக்கிடையே பொருத்தினால், சூறாவளிக்கு முன் நடந்த பூசையும் பின் நடந்த கலியாணமும் ஒழுங்காக நிரைப்படும்.

இரண்டாவது பாடம், இரண்டு பேரை ஒன்றாக இருத்துவது. தனியே இருக்கும்போது மூன்று வசனத்தில் முடிக்கிறவர் பக்கத்தில் தன் வயதுக்காரர் இருந்தால் மாலைவரை பேசுவார். ஒரு முறை தொண்ணூறை நெருங்கும் பறங்கி அன்ரி ஒருவரையும் அவருடைய பழைய அயலவரான தமிழ் ஆச்சி ஒருவரையும் ஒரே விறாந்தையில் இருத்தினேன். ஒரு நத்தார்க் கேக்கைப் பற்றித்தான் கேட்டேன்.

"ரவையை நான்தான் வறுத்துக் கொடுப்பன்" என்றார் ஆச்சி. "இவட கையில ரவை கருகிப் போகும்."

"பொய் புள்ள, நம்பாத" என்றார் அன்ரி. "அவ வறுப்பா, உண்மைதான். ஆனா கஜு நறுக்கிறது நான். பூசணி அல்வா நான். தேனும் பன்னீரும் அளந்து ஊத்திறதும் நான்தான். அவட வீட்டுக்கும் எங்கட அவண்லதான் வேகும்."

அந்த லவ் கேக்கில் தொடங்கிய பேச்சு, வருடப் பிறப்புக்கு யார் வீட்டுப் பலகாரம் யார் வீட்டுக்குப் போகும், அன்ரியின் தகப்பன் செய்த கதிரை ஆச்சியின் சீதனத்தில் எப்படி வந்தது, ஆச்சியின் கலியாணத்தில் வயலின் வாசித்தது அன்ரியின் மூத்த அண்ணன் என்று போய்க்கொண்டே இருந்தது. கலியாணக் கதை வந்ததும் தாலிப் பேச்சும் வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் தாலியில் புறாவோ சிலுவையோ பொறிப்பார்கள். பறங்கியர் மோதிரம் மாற்றுவார்கள், பெண் வெள்ளைக் கவுண் அணிந்து முகத்திரை போட்டு வருவாள். இரண்டு பக்கமும் கலந்த கலியாணத்தில் மோதிரமும் இருக்கும், தாலியும் இருக்கும். "கவுணுக்கு மேல தாலி போட்டவளும் இருக்கா" என்றார் ஆச்சி. அந்த வீட்டுப் படம் பிறகு கிடைத்தது. உண்மைதான்.

போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவு செய்வதை முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், பிறகு கேட்கும்போது அதன் இரைச்சல்தான் முன்னுக்கு நிற்கும். பேச்சின் தொடக்கத்தில் திகதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிப் பதியுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் குரல் சொல்லும்.

பறங்கியரின் தொழிலைப் பற்றி ஒரு தனிப் பகுதியே மலரில் வைத்தோம். தச்சு, கொல்லு, தகர வேலை, சப்பாத்துத் தைத்தல், பொறி திருத்துதல், பெண்கள் வீட்டிலிருந்து செய்த தையல். இந்த ஊரின் பழைய கோயில் வாங்குகளையும் பாடசாலை மேசைகளையும் இந்தக் கைகள்தான் செய்தன என்று வயதானவர்கள் சொல்வார்கள். ஒரு பறங்கித் தச்சரின் பட்டறைக்குப் போயிருந்தேன். தென்னோலைப் பந்தலின் கீழ் வேலை மேசை, அதன் ஒரு முனையில் பலகையைப் பிடிக்கும் இறுக்கி, சுவரில் அளவு வரிசையில் உளிகள். கைபிடிகள் பாட்டன் காலத்தவை, இரும்பு மட்டும் தேய்ந்து தேய்ந்து மாற்றப்பட்டிருக்கிறது. அவர் முதிரைப் பலகையை இழைத்துக்கொண்டே பேசினார். கூட்டு இறுக்கத்தைச் சுட்டுவிரல் நகத்தால் தட்டிப் பார்த்துச் சொல்கிறார். பக்கத்தில் வேலை பழகுகிற பெடியன் ஒரு தமிழ்ப் பிள்ளை. சொந்தப் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். இப்படியான இடத்துக்குப் போகும்போது பேட்டி எடுக்க முயல வேண்டாம். கருவி ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அதன் பெயரையும் பயனையும் அவர் வாயாலே சொல்லக் கேளுங்கள். வரலாறு தானாக வரும்.

அவர்கள் வீட்டு மொழி, போர்த்துக்கேயத்தை அடியாகக் கொண்ட பறங்கி பாஷை. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த பின்னும் அது அழியவில்லை. இத்தனை நூற்றாண்டு தமிழோடு புழங்கியதால் வசன அமைப்பே தமிழின் போக்கில் வினையைக் கடைசியில் வைக்கிறது. மொழியியலாளர் இயன் ஸ்மித் 1970களிலேயே மட்டக்களப்பில் தங்கி இதை ஆராய்ந்தார். 2015க்குப் பின் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் இங்கே பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்து, அழிந்துவரும் மொழிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் இளையவர்களிடம் இதைச் சொன்னபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். உங்கள் ஊரில் ஆராய்ச்சிக்காரர் வந்து போயிருந்தால் அவர்கள் சேர்த்தது எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். உங்கள் பாட்டியின் குரல் அங்கே இருக்கக்கூடும்.

பாட்டைப் பொறுத்தவரை சொற்களை மட்டும் எழுதி எடுத்தால் பயனில்லை. பறங்கியரின் ஆட்டப் பாட்டான கஃப்ரிஞ்ஞா தொடங்கினால் வயலினும் ரபான் என்ற கைப்பறையும் கிற்றாரும் சேர்ந்து வரும், காலும் சேர்ந்து வரும். இருக்கையில் இருத்திப் பாடக் கேட்டால் இரண்டாம் அடியில் நின்றுவிடும். ஒரு கலியாண வீட்டிலோ பறங்கியர் ஒன்றியக் கட்டடத்திலோ ஆட்டத்தோடு சேர்த்து வீடியோ எடுப்பதுதான் வழி. எங்களுக்குக் கிடைத்த பாட்டுகளில் சரிபாதி, ஆடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நினைவுக்கு வந்து பாடியவை.

படங்களுக்கு ஆண்டு கண்டுபிடிக்க ஒரு வழி, அதில் இருக்கும் குருமார். கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல். பத்தே ஆண்டில் அது ஒல்லாந்தர் கையில். அவர்கள் காலத்தில் கத்தோலிக்கம் தடைப்பட்டு, கோவாவிலிருந்து வந்த ஒரற்றோரியன் சபைக் குருமார் மறைவாக ஊர் ஊராகப் போய்ப் பூசை வைத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அந்தத் தடைகளை நீக்கினார்கள். படங்கள் தொடங்குவது அதற்கு வெகுகாலம் பிந்தி. மட்டக்களப்பும் சேர்ந்த திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவாகி, இரண்டு ஆண்டில் பிரெஞ்சு இயேசு சபையிடம் வந்தது. தாடியோடு நிற்கும் சுவாமிமார் பெரும்பாலும் அந்தக் காலத்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து இளம் குருமார் வந்தார்கள். மழித்த முகம், வெள்ளை அங்கி, கையில் கூடைப்பந்து. அப்படி ஒருவர் 1950களில் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி எங்கள் வாவியின் பாடும் மீன்களைப் பதிவு செய்தார், அருட்தந்தை லாங். 1948இல் வந்த அருட்தந்தை மில்லர் மிக்கேல் கல்லூரியை நடத்தி, போர்க்காலத்தில் சனங்களுக்காகப் பேசி, 2021 தொடக்கத்தில் எங்கள் மண்ணிலேயே கண்மூடினார். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களுக்குமாகத் தனி மறைமாவட்டம் கிடைத்தது 2012இல்.

1873இல் தொடங்கிய மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவர் பட்டியலையும் விடாதீர்கள். சுவாமி விபுலாநந்தர் அங்கே படித்தவர், பிறகு அங்கேயே படிப்பித்தவர். இந்துவும் முஸ்லிமும் பறங்கியும் ஒரே வாங்கில் இருந்து படித்த இடம் அது. கோயிலுக்கு வெளியே இந்தச் சமூகம் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதற்குப் பாடசாலை வகுப்புப் படங்களை விட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

துயரமான பகுதிக்கு வருகிறேன். அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 யூன் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கூடைப்பந்து பயிற்றுவித்து, பெடியன்களுக்குத் தொழில் பழக்கிய அமெரிக்கக் குரு யூஜின் ஹீபெர் 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு விழாவன்று, வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு, கூட வந்த தமிழ் இளைஞனோடு காணாமல் போனார். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மரியாள் பேராலயத்துக்குள் வைத்துப் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் சபை என்ற சுவிசேஷ ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அது எங்கள் சபை இல்லை என்று எவரும் சொல்லவில்லை. இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். அயல்வீட்டுப் பிள்ளைகள்.

இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று கேட்பேன். தொடரச் சொன்னால் தொடர்வேன். அன்ரி ஒரு இடத்தில் என் கையைப் பிடித்து, "இத எழுதாத புள்ள. அவங்கட ஆக்கள் இன்னும் இஞ்சதான் இரிக்காங்க" என்றார். எழுதவில்லை. ஊரறிந்த திகதியும் பெயரும் மலருக்குப் போதும். அந்த நாட்களில் பூசை எப்படி நடந்தது, ஊரடங்கில் பிணம் எப்படிச் சேமக்காலைக்குப் போனது, யார் யாரை வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்பவற்றைக் கேளுங்கள். இவை எங்கும் அச்சில் இல்லை, சொன்னவருக்கும் ஆபத்தில்லை.

சுனாமி தனி. டச்பார் என்ற இடத்தில் கடலோரமாகக் குடியிருந்த பறங்கிக் குடும்பங்களை 2004 டிசெம்பர் 26 காலை அப்படியே வாரிக்கொண்டு போனது. நத்தாருக்கு மறுநாள், அதுவும் ஞாயிறு. ஆட்களோடு அலுமாரிகளும் போயின. அலுமாரிக்குள் இருந்த கலியாணப் படம், ஞானஸ்நானத் துண்டு, பாட்டுக் கொப்பி, வயலின் எல்லாம் போயின. தப்பியவர்கள் கடலை விட்டு உள்ளே குடியேறினார்கள். அவர்கள் வீட்டில் பழைய படம் கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உறவினர் வேறு ஊரில் வைத்திருந்த படங்களில் இவர்களுடைய ஆட்கள் இருப்பார்கள், அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் தங்கை அனுப்பிய ஒரு முதல்நன்மைப் படத்தை, பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கிய நாளின் படத்தை, இப்படி ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தில் இருந்த ஐந்து பிள்ளைகளில் அவர் கண்ணால் தேடியது யாரை என்று நான் கேட்கவில்லை. அன்று பேட்டியும் எடுக்கவில்லை. அடுத்த கிழமை அவரே கூப்பிட்டார்.

சேமக்காலைக்கு, இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதிக்கு முந்திய நாட்களில் போங்கள். கல்லறைகளைத் துப்புரவாக்கக் குடும்பங்கள் வந்திருக்கும், கல்லில் உள்ள பெயரையும் அதற்குரிய கதையையும் ஒன்றாகப் பெறலாம். எழுத்து மங்கிய கல்லைக் கம்பியாலோ அமிலத்தாலோ தேய்க்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன்னர் வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். மாலையில் டோர்ச் வெளிச்சத்தைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தும் இதைச் செய்யலாம்.

கடுதாசிகளைப் பற்றி. செலோடேப் ஒட்டக் கூடாது, சில ஆண்டில் அதுவே கடுதாசியை மஞ்சளாக்கித் தின்றுவிடும். லமினேற் செய்யவும் கூடாது. பதிவேட்டை முழுதாக விரித்து அமுக்காமல், இரண்டு பக்கமும் துணி மடித்து முட்டுக்கொடுத்து, யன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். விரலை நாக்கில் தொட்டுப் புரட்டாதீர்கள். வைக்கும் இடம் வெள்ளம் ஏறாத உயரமாக இருக்கட்டும், மட்டக்களப்பில் இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் நான் பார்த்த எத்தனையோ பழைய கோவைகள் அலுமாரியின் அடித்தட்டில்தான் கிடந்தன. பிரதி ஒன்று பங்குமனையில், ஒன்று ஆயர் இல்லத்தில், இன்னொன்று கடலிலிருந்து தூரத்தில் வேறு மாவட்டத்தில். சுனாமிக்குப் பின் இதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை.

வாங்கிய படத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளை வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூடவே பெரிதாக்கிய ஒரு பிரதியும் கொடுங்கள். ஒரு வீட்டில் இதைச் செய்தால் அடுத்த மூன்று வீட்டுக் கதவு திறக்கும்.

மலர் வந்த பின்னும் வேலை ஓயவில்லை. செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதாவுக்கு நடந்துபோகிற யாத்திரையிலும், 14ஆம் திகதி சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருநாளிலும் அம்பாறைப் பக்கக் குடும்பங்களைச் சந்தித்தோம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பறங்கிக் குடும்பங்களின் பதிவுகளை ஓரத்துக் குறிப்புகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இளையவர்கள் இரண்டு பேர் குடும்பப் பெயர்களை எல்லா எழுத்துக்கூட்டலோடும் கணினியில் ஏற்றுகிறார்கள். உங்களிடம் பழைய படம் இருந்தால், இன்றிரவே பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பேனை வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். தெரியாத முகத்துக்கு இடம் விட்டு, வீட்டில் மூத்தவர் இருந்தால் நாளைக் காலையில் அவரிடம் கேட்டு நிரப்புங்கள்.